பிஎல்எஃப் என்னும் நிலைவிளக்கு

அலுவலகத் தொலைபேசியின் ஓரத்தில் பெயர் ஒட்டிய பொத்தான்கள் வரிசையாக இருக்கும். மேலாளர் பேசிக்கொண்டிருந்தால் அவர் பெயருக்கு நேரே சிவப்பு எரியும். வரவேற்பில் இருப்பவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் "சார் வேற லைன்ல இருக்காரு, ஹோல்ட் பண்றீங்களா?" என்று கேட்கிறார். இந்த விளக்குகளின் பெயர் 'பிஸி லேம்ப் ஃபீல்டு'. அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகமான இபிஏபிஎக்ஸைப் பொருத்துபவர்கள் வாயில் 'பிஎல்எஃப்'.

'ஃபீல்டு' இங்கே வயலும் அல்ல, படிவத்தில் நிரப்பும் புலமும் அல்ல. பெரிய நிறுவனங்களில் ஆபரேட்டரின் மேசையில் எக்ஸ்டென்ஷனுக்கு, அதாவது ஒவ்வொருவரின் உள் தொலைபேசிக்கும், ஒன்றாகச் சிறு விளக்குகள் கட்டம் கட்டமாகப் பதித்திருக்கும். அந்தப் பரப்புதான் ஃபீல்டு.

அதற்கு இணையான இன்னொரு மரபும் உண்டு. அமெரிக்காவில் பெல் நிறுவனம் 1938-இல் கொண்டுவந்த 1ஏ வகைத் தொலைபேசிகளும், 1960-களில் வந்த 1ஏ2 வகையும் எக்ஸ்டென்ஷனை அல்ல, வெளி லைனைக் காட்டின. 1ஏ2-வில் மெதுவாக மினுக்கினால் அழைப்பு வருகிறது; நிலையாக எரிந்தால் யாரோ பேசுகிறார்கள்; வேகமாகத் துடித்தால் ஹோல்டில் இருக்கிறது. எந்த லைன் காலி என்பது ஒன்று, எந்த ஆள் பேசுகிறார் என்பது வேறு. இரண்டையும் பிஎல்எஃப் என்றே சொல்லிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது.

அன்று விளக்குக்குத் தனிக் கம்பி ஓடியது. கணினி வலையமைப்பு வழியாக இயங்கும் இன்றைய ஐபி போன்களில் அது செய்தியாக வருகிறது. உங்கள் போன், "எண் 105-இன் நிலை மாறினால் சொல்" என்று சர்வரிடம் பதிந்துகொள்கிறது. மாறும்போதெல்லாம் சர்வர் அறிவிக்கிறது. இத்தகைய போன்கள் அழைப்புகளை இணைக்கப் பயன்படுத்தும் எஸ்ஐபி முறையில் இதற்கான விதிகளை 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4235 என்னும் இணையத் தரநிலை ஆவணம் வகுத்தது. பதிவுக்குக் காலக்கெடு உண்டு. போன் அதைப் புதுப்பிக்கத் தவறினால், பேசி முடித்த பிறகும் சிவப்பு அணையாமல் நிற்கலாம். விளக்கு பொய் சொன்னால் முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

தமிழில் என்ன சொல்லலாம்? 'பரபரப்பு விளக்குப் புலம்' என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் யாருக்கும் புரியாது. 'பிஸி' என்பதும் இன்று குறுகிய பெயர்தான்: மணி அடிப்பதையும், பல போன்களில் காலியாக இருப்பதையும் அதே விளக்கே காட்டுகிறது. அதனால் 'நிலைவிளக்கு' என்பதே பொருந்தும் என்று உறுதியாக நினைக்கிறேன். முழு வரிசைக்கு 'நிலைவிளக்குப் பலகை'. எக்ஸ்டென்ஷனுக்கு 'நீட்டிப்பு' என்பதைவிட 'உள்ளிணைப்பு' தெளிவானது; கட்டடத்துக்குள் இருக்கும் இணைப்பு என்பது கேட்டவுடன் விளங்குகிறது. வெளி லைனுக்கு 'வெளியிணைப்பு'. பயனர் கையேட்டில் "105-ஆம் உள்ளிணைப்பின் நிலைவிளக்கு மினுக்கும்போது பொத்தானை அழுத்தி அழைப்பை எடுக்கலாம்" என்று எழுதினால் வரவேற்பில் இருப்பவருக்கு விளங்கிவிடும்.