‘கைவர்க்கம்’ என்ற பெயரும் ‘சாராமை’ என்ற சொல்லும்

உயர்தர வகுப்பில் புள்ளிவிபரவியல் படிக்கும் மாணவி ஒருவரிடம் ‘கைவர்க்கச் சோதனை’ என்றால் என்ன என்று கேட்டேன். கணிகருவி இல்லாமல் கையால் வர்க்கித்துச் செய்யும் கணக்கு என்று அவர் விடை சொன்னார். பிழை அவருடையதன்று. பெயரைக் கேட்டவுடன் தமிழ்க் காதுக்கு எட்டும் பொருளைத்தான் அவர் சொன்னார்.

இந்தக் ‘கை’ (χ) கிரேக்க நெடுங்கணக்கின் 22ஆம் எழுத்து. 1900இல் ஆங்கிலேயப் புள்ளிவிபரவியலாளர் கார்ல் பியர்சன், எதிர்பார்த்த எண்ணிக்கையிலிருந்து கண்ட எண்ணிக்கை எவ்வளவு விலகியது என்பதற்கான அளவை அவ்வெழுத்தின் வர்க்கமாகக் குறித்தார்; அந்தக் குறியீடே பெயராகி நிலைத்தது. ஆகவே இப்பெயர் சோதனையின் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

வேலையைச் சொல்லும் சொல் நம்மிடம் உண்டு. குற்றியலுகரத்தையும் ஆய்தத்தையும் இலக்கணத்தார் சார்பெழுத்து என்றது, அவை வேறு எழுத்தைச் சார்ந்தே வருவதால்தான். அதே ‘சார்’ என்ற அடியிலிருந்து, ஒன்றின் நிகழ்ச்சி மற்றொன்றைப் பொறுத்து மாறாதிருக்கும் நிலையைச் ‘சாராமை’ என்கிறோம். இரு பண்புகள் ஒன்றையொன்று சாராதவை என்று முதலில் கொண்டு, எண்ணிய எண்கள் அதற்கு ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பதால், இதனைச் ‘சாராமைச் சோதனை’ என்பதே தகும்.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் 200 கிணறுகளின் நீரைச் சோதித்தோம் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும் எடுத்தவை. தோட்டக் கிணறுகள் 80இல் 40இலும், வீட்டுக் கிணறுகள் 120இல் 30இலும் நைத்திரேற்று வரம்பை மீறியிருக்கிறது. மொத்தம் 70. கிணற்றின் வகையை நைத்திரேற்று சாராதிருந்தால், தோட்டக் கிணறுகளில் 80ஐ 70ஆல் பெருக்கி 200ஆல் வகுக்க வரும் 28ஐயே எதிர்பார்க்க வேண்டும், கண்டதோ 40. இந்த 12 வித்தியாசத்தை வர்க்கித்து எதிர்பார்த்த மீடிறனால், அதாவது எதிர்பார்த்த எண்ணிக்கையான 28ஆல், வகுத்து, தோட்டம், வீடு என்ற இரு வகையும் மீறியவை, மீறாதவை என்ற இரு நிலையும் சேர்ந்து தரும் நான்கு கட்டங்களுக்கும் அவ்வாறே செய்து கூட்டினால் ஏறத்தாழ 13.19 வரும். நான்கு கட்ட அட்டவணைக்கு 5 சதவீத மட்டத்தில் (சாராமை உண்மையாயின் நூற்றில் ஐந்து தடவையே மீறக்கூடிய) எல்லை 3.84 ஆகையால், சாராமை என்ற கருதுகோளைக் கைவிடுகிறோம். இந்த எல்லையைத் தீர்மானிப்பதில், நிரை, நிரல் கூட்டுத்தொகைகள் தெரிந்தபின் ஒரு கட்டத்தின் எண்ணே சுயாதீனமாக மாறமுடியும் என்று பியர்சனின் கணக்கை 1922இல் திருத்தியவர் ரொனால்ட் பிஷர்.

அட்டவணையின் பெயரும் கவனிக்கத்தக்கது. 1904இல் பியர்சன் அதற்கு எடுத்த ‘contingency’ என்ற ஆங்கிலச் சொல், ‘உடன் தொடுதல்’ என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்து ‘தற்செயலாய் நிகழ்வது’ என்றும் பொருள்படுவது. தமிழில் ‘நேர்தல்’ என்ற வினைக்கு எதிர்ப்படுதல், சம்பவித்தல் ஆகிய இரு பொருளும் இருப்பதால், ‘நேர்வு அட்டவணை’ என்பது இயல்பாகவே பொருந்துகிறது.

சாராமை இல்லை என்று கண்டதனால், தோட்டத்துப் பசளைதான் காரணம் என்று நிறுவியதாகாது. கிணற்றின் ஆழமும் மலகூடக் குழியின் தூரமும் அந்த நான்கு கட்டங்களில் எங்கும் இல்லை. ஆகையால் முடிவை எழுதும்போது ‘சார்ந்துள்ளது’ என்று எழுதலாம். ‘காரணமாகிறது’ என்று எழுதலாகாது.