சிலிக்கான் மோல்டுக்குத் தமிழில் என்ன?

"மாவைப் பூஞ்சையில் முக்கால் பங்கு ஊற்றி, பூஞ்சையைச் சூடான அடுப்பினுள் வைக்கவும்."

கேக் குறிப்பு ஒன்றை இயந்திரத்திடம் கொடுத்துத் தமிழாக்கியபோது எனக்குக் கிடைத்த வரி இது. சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது: சரி, அது தப்பு, அப்படியானால் சரியான சொல் எது? வீட்டில் நாங்கள் சொல்வது மோல்டு, கடையில் கேட்பதும் மோல்டு. ரப்பர் மாதிரி வளைகிற அந்தக் கலர் கலர் கிண்ணங்கள் என்றால் சிலிக்கான் மோல்டு. இதில் மோல்டு என்ற சொல்லும் குழப்பம், சிலிக்கான் என்ற சொல்லும் குழப்பம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

ஆங்கிலத்தில் மோல்டு என்று ஒரே மாதிரி எழுதப்படும் சொற்கள் மூன்று. ஒன்று தோட்டத்து மண்ணைக் குறிக்கும் பழைய சொல், அது நமக்கு வேண்டாம். இரண்டாவது, பழைய ரொட்டியில் பச்சையாகப் படரும் பூஞ்சை, நம்முடைய இயந்திர நண்பர் பிடித்துக்கொண்டது இதைத்தான். மூன்றாவதுதான் நம்முடையது. லத்தீனில் மோதுஸ் என்றால் அளவு, அதன் சிறுமை வடிவம் மோதுலுஸ், சின்ன அளவு. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்து மோல்டு ஆனது. மாடல், மாட்யூல் என்று நாம் தினமும் சொல்லும் சொற்களும் இதே குடும்பம். இன்றைய பிரெஞ்சில் இது மூல். ஆண்பாலில் சொன்னால் கேக் ஊற்றுகிற பாத்திரம், பெண்பாலில் சொன்னால் கடலில் கிடைக்கும் ஒரு சிப்பி வகை, ஆக அங்கேயும் இதே கூத்துதான்.

அடுத்து சிலிக்கான். சிலெக்ஸ் என்றால் லத்தீனில் சிக்கிமுக்கிக் கல். அதிலிருந்து பெயர் பெற்ற தனிமத்துக்கு, கார்பன், போரான் என்பவற்றோடு ஓசை ஒத்துப்போகட்டும் என்று 1817இல் சிலிக்கன் என்று பெயரை மாற்றியவர் தாமஸ் தாம்சன் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர். தமிழில் சிலிக்கான் என்றும் மண்ணியம் என்றும் எழுதுகிறார்கள். கணினிச் சில்லு செய்கிற பொருள் அது, சாம்பல் நிறம், கண்ணாடி போல உடையும். அதில் கேக் வார்த்தால் மடக்கி எடுக்க முடியுமா? கடையில் நாம் வாங்குவது வேறு பொருள், சிலிக்கோன். சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி, பக்கவாட்டில் கார்பன் கூட்டங்கள் தொங்கும், அதனால்தான் வளைகிறது, சூட்டையும் தாங்குகிறது. இந்தப் பெயரை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைத்தவர் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வேலை செய்த ஃபிரெடெரிக் கிப்பிங். எழுதிப் பார்த்தால் அதன் வாய்பாடு கீட்டோன் என்ற சேர்மத்தின் வாய்பாடு போலத் தெரிந்ததால் அந்த 'ஓன்' என்ற வாலைச் சேர்த்தார், உள்ளே இருக்கும் கட்டமைப்பு கீட்டோனுக்குக் கிட்டேகூட வராது. இந்தத் துறையால் பெரிய பயன் சீக்கிரம் வரும் என்று அவருக்கு நம்பிக்கையும் இல்லை, 1937இல் ஓர் உரையில் அப்படித்தான் சொன்னார். ஆறே வருடத்தில், 1943இல், அமெரிக்காவில் இதைத் தயாரிக்கவென்றே ஒரு கம்பெனி தொடங்கிவிட்டார்கள். எனவே எழுதும்போது சிலிக்கன் சில்லுக்கு, சிலிக்கோன் கேக்குக்கு. ஒரு நெடில் வித்தியாசம்தான், ஆனால் பொருளே வேறு.

இப்போது தமிழுக்கு வருவோம். பலர் மோல்டுக்கு 'வார்ப்புரு' என்று எழுதுகிறார்கள். கெட்ட சொல் இல்லை, ஆனால் தமிழ் விக்கிப்பீடியாவில் அந்தச் சொல்லை டெம்ப்ளேட்டுக்கு எடுத்துக்கொண்டு வெகு காலம் ஆகிவிட்டது. வார்ப்படம் என்றால் இரும்பு உருக்கும் பட்டறைதான் கண் முன்னால் வருகிறது. சமையலறைக்கு இவ்வளவு கனமான சொல் எதற்கு, கையில் ஏற்கெனவே ஒன்று இருக்கும்போது?

அச்சு.

தமிழில் மட்டும் இல்லை, மலையாளம், கன்னடம், தெலுங்கிலும் இதே சொல்தான். வண்டிச் சக்கரத்தின் அச்சு, அச்சாணி எல்லாம் வேறு, அவற்றை வடமொழி 'அக்ஷ'வோடு சேர்த்துச் சொல்வார்கள். உருவம் பதிக்கிற அச்சு தனி. கொங்குக் கல்வெட்டுகளில் 'ஆனையச்சு' என்று ஒரு காசின் பெயர் வருகிறது, முத்திரை குத்திய காசு என்பதால் காசே அச்சு ஆகிவிட்டது. தறியில் பாவு நூலைப் பிரித்து ஒழுங்குபடுத்தும் சீப்பு போன்ற சட்டமும் நெசவாளர் வாயில் அச்சுதான். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளை ஈயத்தில் வார்த்து 'தம்பிரான் வணக்கம்' புத்தகத்தைப் போட்டார்களே, அந்த வேலைக்கும் நாம் வைத்துக்கொண்டிருக்கும் பெயர் அச்சு.

சமையலறைக்குள் வந்தால் இன்னும் வேடிக்கை. அச்சு வெல்லத்துக்குப் பாகை அச்சின் உள்ளே ஊற்றுகிறோம். அச்சு முறுக்குக்கு நேர் எதிர், காய்ந்த எண்ணெயில் சூடேற்றிய இரும்புப் பூவை மாவில் முக்கால்வாசி நனைத்து மறுபடி எண்ணெயில் விட, வெளியே ஒட்டிக்கொண்ட மாவு கழன்று வருகிறது. மலையாளத்தில் இது அச்சப்பம், யாழ்ப்பாணத்தில் அச்சுப் பலகாரம். இடியாப்ப அச்சில் மாவு துளை வழியாகப் பிதுங்கி வெளியேறுகிறது, கொழுக்கட்டை அச்சில் மாவை வைத்து அழுத்துகிறோம். ஊற்று, முக்கு, பிழி, அழுத்து என்று நான்கு வேலைக்கும் ஒரே சொல். மோல்டுக்கு இந்த வீச்சு கிடையாது, முறுக்குக் குழல் மாதிரி பிழிகிற கருவியை ஆங்கிலத்தில் பெரும்பாலும் பிரஸ் என்றுதான் சொல்வார்கள். அப்புறம் நாம் மோல்டுக்குத் தமிழ் இல்லை என்று உதட்டைப் பிதுக்குகிறோம்.

சரி, வளையும் அச்சுக்கு என்ன அடைமொழி? இங்கேதான் ஒரு பள்ளம். நெகிழி என்றால் பிளாஸ்டிக், அரசு அறிவிப்புகளிலேயே பழகிவிட்டது. 'நெகிழி அச்சு' என்று எழுதினால் யாராவது பிளாஸ்டிக் டப்பாவில் மாவை ஊற்றி ஓவனில் வைத்துவிடுவார்கள், உருகி வழியும். அந்த இகரத்தை எடுத்துவிட்டு 'நெகிழ் அச்சு' என்று எழுதினால் வினைத்தொகை. நேற்று நெகிழ்ந்த, இன்று நெகிழ்கிற, நாளையும் நெகிழும் அச்சு. சேர்த்து நெகிழச்சு என்றும் சொல்லலாம், எனக்கு என்னவோ பிரித்து எழுதினால்தான் வாய்க்கு வருகிறது. எந்தப் பொருளால் ஆனது என்று சொல்ல வேண்டிய இடத்தில் சிலிக்கோன் அச்சு.

இதில் ஏற்கெனவே பழகிய வினைச்சொல்லும் இருக்கிறது: வார். தோசை வார்க்கிறோம், இட்லி வார்க்கிறோம், வெண்கலச் சிலையும் வார்க்கிறார்கள். நெகிழ் அச்சுக்குப் பொருத்தமான வேலை இந்த வார்ப்பது ஒன்றுதான். வாங்கிய புதிதில் மோதக வடிவத்தில் வளையும் அச்சு ஒன்றில் பூரணக் கொழுக்கட்டை பிடித்தேன், அழுத்த அழுத்த அச்சும் கூடவே விலகி, பிள்ளையாருக்குப் பதிலாகப் பிள்ளையார் எலி உட்கார்ந்த மாதிரி ஒன்று வந்தது. அழுத்துகிற வேலைக்கு விறைப்பான மர அச்சோ உலோக அச்சோதான் வேண்டும்.

வார்க்கிற வேலைக்கு வருவோம். ஒரு கப் ரவை, முக்கால் கப் சர்க்கரை, முக்கால் கப் தயிர், கால் கப் எண்ணெய், எல்லாவற்றையும் கலக்கி 20 நிமிடம் மூடி வைத்தால் ரவை ஊறி இறுகிவிடும். கால் கப் பால் விட்டுத் தளர்த்தி, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், இரண்டு சிட்டிகை சமையல் சோடா, கொஞ்சம் ஏலக்காய்த் தூள். அச்சில் முக்கால் அளவு வார்த்து, 180 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம், குச்சி குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். ஓவன் இல்லையா, இட்லிப் பானையில் ஆவி கட்டினாலும் வேகும், மேலே சிவக்காது, அவ்வளவுதான். (பேக் செய்வதற்கு வெதுப்பு என்று ஒரு சொல் இருக்கிறது, இலங்கையில் பேக்கரிப் பலகையில் வெதுப்பகம் என்றே எழுதுவார்கள். ஆனால் வெதுவெதுப்பான தண்ணீர் என்று பழகிய காதுக்கு 180 டிகிரி வெதுப்பு கொஞ்சம் சாதுவாகத்தான் கேட்கிறது.)

காலி அச்சைத் தட்டில் வைத்துவிட்டுத்தான் மாவை வார்க்க வேண்டும். நான் மேடையில் வார்த்துவிட்டுத் தூக்கினேன், அச்சு நடுவில் தொங்கி, பாதி மாவு தரையில். சிலிக்கோன் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், அதனால் இரும்புத் தட்டில் வருவது போல ஓரம் மொறுமொறுப்பாகச் சிவக்காது, அதை எதிர்பார்ப்பவர்கள் பழைய தகர டின்னையே வைத்துக்கொள்ளலாம். எத்தனை டிகிரி தாங்கும் என்று அடியிலோ உறையிலோ போட்டிருப்பார்கள், பெரும்பாலும் 230 டிகிரி. அடுப்புத் தீயிலும் தோசைக் கல்லிலும் நேராக வைக்கவே கூடாது. கத்தியும் கூடாது. கேக் ஆறியதும் ஓரத்தை விரலால் விலக்கி, சட்டைப் பையை வெளிப்புறமாகத் திருப்புகிற மாதிரி திருப்பினால் போதும். ஆறுவதற்கு முன் அவசரப்பட்டால் பாதி கேக் உள்ளே தங்கிவிடும்.

எனக்கு இந்த அச்சில் மிகவும் பிடித்தது கேக்கே இல்லை, ஜெல்லி மாதிரி உறைகிற கடல்பாசி. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் நோன்புக் காலத்தில் இது இல்லாத வீடு குறைவு. கடையில் சைனா கிராஸ் என்று கேட்க வேண்டும், இன்னொரு பெயர் அகர் அகர், அது மலாய்ச் சொல். நம் மன்னார் வளைகுடாவிலும் பெண்கள் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறார்கள், அகர் அகர் எடுக்கிற வகையும் அதில் உண்டு. 10 கிராம் கடல்பாசியை 250 மில்லி தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, இழை முழுக்கக் கரையும் வரை கொதிக்கவிட்டு, நான்கு ஸ்பூன் சர்க்கரை போட்டு இறக்கி, 500 மில்லி இளநீரில் கலந்து உடனே அச்சில் வார்க்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்த இளநீர் வேண்டாம், ஊற்றின இடத்திலேயே கட்டி கட்டியாக இறுகிவிடும். ஒவ்வொரு குழியிலும் வழுக்கைத் துண்டு இரண்டு போடுங்கள். வெளியிலேயே உறைந்துவிடும், மறுபடி உருக 85 டிகிரி சூடு வேண்டும் என்பதால் மே மாத வெயிலுக்கும் அசையாது. ரோஜா வடிவம், சிப்பி வடிவம் எதுவானாலும் ஒரு மடிப்பு குறையாமல் வரும், அச்சு அசல் என்பார்களே, அது.

கடலை மிட்டாயும் வார்க்கலாம். ஒரு கப் வறுத்துத் தோல் நீக்கிய கடலைக்கு முக்கால் கப் வெல்லம், பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு எடுத்தால் வளையாமல் ஒடிய வேண்டும். கடலையைக் கொட்டிக் கிளறி, சூட்டோடு அச்சில் நிரப்பி, நெய் தடவிய கரண்டியின் முதுகால் சமன் செய்துவிட்டால் ஆறியதும் கட்டி கட்டியாகக் கழன்று வரும்.

ஒரு எச்சரிக்கை, இந்தச் சிலிக்கோன் எண்ணெயையும் வாசனையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மசாலா இட்லி வார்த்த அச்சில் மறுநாள் ரவை கேக் வார்த்தேன், கேக்கில் பெருங்காய வாசனை. அதிலிருந்து எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு டப்பா, ஒன்றில் 'நெகிழ் அச்சு - இனிப்பு', இன்னொன்றில் 'நெகிழ் அச்சு - காரம்' என்று மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அம்மா மட்டும் இன்னும் "அந்த ரப்பர் கிண்ணத்தை எடு" என்றுதான் சொல்கிறார்.