சுவருக்குள் மறையும் செலவு: காற்றுக்குழாய்கள் வேலை செய்யும் விதம்

கனடாவிலோ அமெரிக்காவிலோ புதிதாக வீடு கட்டுகிறவர் கைக்கு வரும் மதிப்பீட்டில் சமையலறை மேடை, தரைப்பலகை, ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் விவரம் இருக்கும். வீடு முழுக்கச் சூட்டையும் குளிரையும் சுமந்து செல்லும் டக்ட், அதாவது காற்றுக்குழாய், வேலைக்குப் பெரும்பாலும் ஒற்றை வரிதான், மொத்தமாக ஒரு தொகை. செலவைக் குறைக்க வேண்டி வந்தால் அந்த வரியில் கை வைப்பது எளிது, ஏனென்றால் ஜிப்சம் பலகை அடித்த பிறகு டக்ட் யார் கண்ணிலும் படாது. அங்கே மிச்சம் பிடித்த பணம் வீடு இருக்கும் காலமெல்லாம் மின்கட்டணமாகத் திரும்பி வருகிறது. அதற்கான காரணம் இயற்பியலில் இருக்கிறது.

டொராண்டோ பக்கத்து வீடுகளில் பேஸ்மென்டில் ஃபர்னஸ் என்ற சூடாக்கும் இயந்திரம் நிற்கும். அதிலுள்ள விசிறி, சூடேறிய காற்றைத் தகரக் குழாய்கள் வழியே அறைகளுக்குத் தள்ளுகிறது. அறைக் காற்று இன்னொரு குழாய்த் தொகுதி வழியே திரும்பி வருகிறது. கோடையில் அதே குழாய்களில் ஏசி காற்று. ஒரு டன் ஏசிக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று ஓடவேண்டும். மூன்று டன் என்றால் 1,200 கன அடி.

இதைத் தள்ள விசிறிக்கு இருக்கும் பலம் மிகக் குறைவு. வீட்டு இயந்திரங்கள் பொதுவாக 125 பாஸ்கல் எதிர்ப்பைக் கணக்கில் கொண்டு வடிவமைக்கப்படுகின்றன. அரை அங்குல உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் அவ்வளவுதான். ஏசி சுருள், வடிகட்டி, அறைகளின் காற்றுத் தட்டிகள் ஆகியவை அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். மிஞ்சும் சொற்ப அழுத்தத்தில்தான் மாடியின் கடைசிப் படுக்கையறை வரை காற்று போய்ச் சேரவேண்டும்.

இங்கேதான் குழாயின் விட்டம் முக்கியமாகிறது. ஒரே அளவு காற்று ஓடும்போது, ஓர் அடி நீளத்தில் ஏற்படும் அழுத்த இழப்பு ஏறக்குறைய விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். 8 அங்குலக் குழாய் போடவேண்டிய இடத்தில் 6 அங்குலக் குழாயைப் போட்டால் இழப்பு நான்கு மடங்குக்கு மேல் ஏறிவிடும். தகரத்தின் கணக்கோ வேறு. அது சுற்றளவைப் பொறுத்தது, ஆகவே பெரிய குழாய்க்கு மூன்றில் ஒரு பங்குதான் கூடுதலாகத் தகரம் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தகரத்துக்கு இழப்பு கால்வாசியாகக் குறைகிறது. கட்டுமானத்தில் இவ்வளவு லாபமான பேரம் எளிதில் அமையாது என்றே சொல்வேன்.

பிறகு ஏன் ஒல்லிக் குழாய்கள் போடுகிறார்கள்? இடம் இல்லை. மரச்சட்டச் சுவரின் உட்குழி மூன்றரை அங்குல ஆழம்தான். மாடிக்குப் போகும் குழாயை மூன்றேகாலுக்குப் பத்து அங்குலத் தட்டைக் குழாயாக மாற்றித்தான் அதற்குள் நுழைக்க முடியும். தளத்தைத் தாங்கும் உத்திரங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன, குறுக்கே இரும்பு உத்திரம் எங்கே வருகிறது என்பதெல்லாம் வரைபடத்திலேயே முடிவாகிவிடும். டக்ட் வேலைக்காரர் வரும்போது எஞ்சியிருப்பது மற்றவர்கள் விட்டுவைத்த சந்துபொந்துகள். அங்கே ஒவ்வொரு கூர்மையான திருப்பமும் பல அடி நேர்க்குழாய்க்குச் சமமான எதிர்ப்பைச் சேர்க்கும். எதிர்ப்பு கூடினால் பழைய வகை மோட்டாரில் காற்றோட்டம் குறைந்து கடைசி அறை வெதுவெதுப்பாகவே நிற்கும். வேகத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் புதுவகை மோட்டார் காற்றோட்டத்தை விடாமல் காக்கும், அதற்காக மின்சாரத்தை அதிகம் இழுக்கும்.

டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற இடங்களில் பேஸ்மென்ட் அரிது. குழாய்கள் கூரைக்கடியில் உள்ள பரணில் ஓடும். கோடையில் அந்தப் பரண் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஏசி காற்றைச் சுமக்க அதைவிட மோசமான இடம் வீட்டில் இல்லை. அங்கே அதிகம் பயன்படுவது கம்பிச்சுருள் உள்ள ஃப்ளெக்ஸ் குழாய். விறைப்பாக இழுத்துக் கட்டினால் அது நன்றாகவே வேலை செய்யும். தொய்வாக விட்டால் ஆர்மோனியத் துருத்தி போல உட்புறம் மடிப்பு விழுந்து எதிர்ப்பு பல மடங்காகும்.

அடுத்தது கசிவு. அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் திட்டம், சாதாரண வீட்டில் டக்ட் வழியே போகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவில் போய்விடுகிறது என்கிறது. பரணில் குளிர்காற்று கசிந்தால் நஷ்டம் அதோடு முடியாது. வெளியே போன காற்றுக்கு ஈடாக, சுவர் இடுக்குகள் வழியே வெளியிலிருந்து வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்றை வீடு உள்ளே உறிஞ்சும். இணைப்புகளை அடைக்கத் துணி ஒட்டுநாடா போதும் என்ற நம்பிக்கையை 1998-இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் சோதித்தது. வெப்பமும் அழுத்தமும் மாறி மாறித் தாக்கியபோது, ‘டக்ட் டேப்’ என்று விற்கப்படும் அந்த நாடாதான் தாக்குப்பிடிக்காமல் போனது. தூரிகையால் பூசும் மாஸ்டிக் பசை நின்றது.

இதுவரை சொன்னது வீட்டுக்குள்ளேயே சுற்றும் காற்று. மூச்சுக்குப் புதுக்காற்று வேண்டுமே! பழைய வீடுகளுக்கு அது இடுக்குகள் வழியே கிடைத்தது. இறுக்கமாகக் கட்டும் இன்றைய வீட்டில் அதற்கும் பாதை போடவேண்டும். காற்றோட்டத்துக்கு அளவு வகுக்கும் அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 62.2 விதி, ஒவ்வொரு 100 சதுர அடிக்கும் நிமிடத்துக்கு 3 கன அடி, அதோடு படுக்கையறைகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி ஏழரையால் பெருக்கிய அளவு என்று கணக்கிடுகிறது. 2,000 சதுர அடி, மூன்று படுக்கையறை வீட்டுக்கு 90 கன அடி. வெளியே −10, உள்ளே 20 டிகிரி என்றால், அந்தக் காற்றைச் சூடாக்க மட்டும் சுமார் 1.5 கிலோவாட் ஓயாமல் தேவைப்படும்.

இதற்குக் கனடியப் புல்வெளிப் பகுதியில் நல்ல விடை கிடைத்தது. 1977-இல் ரெஜைனா நகரில் கட்டிய சஸ்காச்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸுக்கு ஃபர்னஸே கிடையாது. தடித்த காப்பு, இறுக்கமான சுவர், வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்வரும் காற்றுக்கு மாற்றும் கருவி என்று அதை அமைத்தார்கள். இன்று எச்ஆர்வி (வெப்ப மீட்புக் காற்றோட்டக் கருவி) என்று விற்கப்படும் கருவி அதே வகைதான். மெல்லிய தகடுகளின் ஒரு பக்கம் அழுக்குக் காற்றும் மறுபக்கம் புதுக்காற்றும் கலக்காமல் ஓடும். இரண்டும் ஒரே திசையில் ஓடினால் நடுவெப்பநிலையில் சமமாகி, பாதி வெப்பத்தோடு மாற்றம் நின்றுவிடும். எதிரெதிர்த் திசையில் ஓடவிட்டால் பாதை நெடுகிலும் வெப்பநிலை வித்தியாசம் நீடிக்கும். முக்கால் பங்கையும் அதற்கு மேலும் மீட்கலாம். அப்போது 1.5 கிலோவாட் 400 வாட்டுக்கும் கீழே இறங்கும்.

இதற்குத் தனிக்குழாய் போடாமல் ஃபர்னஸ் குழாயிலேயே சேர்த்துவிடுவது மலிவு. ஆனால் புதுக்காற்று எல்லா அறைக்கும் போய்ச்சேரப் பெரிய விசிறியும் கூடவே ஓடவேண்டும். சுவர் திறந்திருக்கும்போதே தனிக்குழாய் போட்டுவிடுவதுதான் சரியென்பது என் தீர்மானமான எண்ணம். பின்னால் சுவரை உடைத்துப் போடுகிற செலவு யாருக்கும் கட்டுப்படியாகாது.

நல்ல சுவரும் ஜன்னலும் டக்ட் செலவையும் குறைக்கும் என்பது பலர் கவனிக்காத கணக்கு. ஜன்னலடியில் குளிர் இறங்கும் என்பதற்காகத்தான் சூட்டுக்காற்றை வெளிச்சுவர் வரை கொண்டுபோனார்கள். மூன்றடுக்குக் கண்ணாடி போட்ட வீட்டில் அந்தத் தேவை பெரிதும் குறைகிறது. உட்சுவரிலேயே காற்றை விடலாம். குழாய் நீளம் குறையும், இயந்திரமும் சிறிதாகும்.

பலகை அடிக்கும் முன் ஒரு சோதனை உண்டு. தட்டிகளையெல்லாம் அடைத்து, குழாய்களுக்குள் 25 பாஸ்கல் அழுத்தம் கொடுத்து, எவ்வளவு கசிகிறது என்று அளப்பார்கள். இயந்திரமும் பொருத்திய நிலையில் 100 சதுர அடிக்கு நிமிடத்துக்கு 4 கன அடிக்கு மேல் கசியக்கூடாது என்பது 2012 முதல் அமெரிக்க மாதிரி எரிசக்தி விதியின் வரம்பு. நம் 2,000 சதுர அடி வீட்டுக்கு அது 80 கன அடி. அந்த அளவுச் சீட்டைக் கட்டுநரிடம் கேட்டு வாங்குங்கள். எண் கூடுதலாக இருந்தாலும், அந்தக் கட்டத்தில் ஒரு வாளி மாஸ்டிக்கும் தூரிகையும் கொண்டு பெரும்பாலான கசிவை அடைத்துவிடலாம்.