பட்டறை அப்பாவுடையது, காணி அப்பம்மாவுடையது

மழைக்காலம் முடிந்த கையோடு, யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அண்ணன் தம்பி இருவர், காணி உறுதிகள் எழுதும் என்னிடம் வந்தார்கள். குத்துவிளக்கும் கோயில் மணியும் வார்க்கும் குடும்பம், மூன்று தலைமுறையாக உலை மூட்டுகிறார்கள். கையில் இருந்த பையில் மின்சாரப் பட்டியல்கள், வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ், பிரதேச சபை அனுமதிப் பத்திரம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. வங்கியில் கடன் கேட்டிருக்கிறார்கள். வங்கியோ காணி உறுதியை, அதாவது காணி யாருடையது என்று காட்டும் பத்திரத்தை, கேட்டிருக்கிறது.

"உறுதி எங்கையோ கிடக்கும் ஐயா. பட்டறை எங்கட அப்பான்ர எண்டு ஊருக்கே தெரியும்" என்றார் மூத்தவர்.

இந்தப் பேச்சை நான் அடிக்கடி கேட்கிறேன். அரிசி ஆலை, செக்கு, கொல்லன் பட்டறை என்று எந்தத் தொழிலை எடுத்தாலும் இதே கதைதான். அதனால்தான் இவர்களுடைய சம்மதத்தோடு, பெயரையும் ஊரையும் மறைத்து, இதை எழுதுகிறேன்.

போரால் நடந்த 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீட்டுப் பெட்டகத்தோடு உறுதியும் போய்விட்டது. உறுதி தொலைந்தால் காணியே தொலைந்தது என்று பயப்பட வேண்டாம். உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு அதை முடிக்கும்போது ஒரு பிரதி அவரிடம் இருக்கும், இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். காணியின் பெயர், எல்லைகள், பழைய ஆட்களின் பெயர்கள் தெரிந்தால் தேடலாம். வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாததால் எங்களுக்குப் பல நாள் பிடித்தது. கடைசியில் எல்லைகளைச் சொன்னவர் ஊரிலேயே இருக்கும் அவர்களுடைய மூத்த மாமி, அப்பாவின் சகோதரி. "கிழக்கால வாய்க்கால், தெற்கால அம்மான்ர தமையன்ர வளவு" என்று, கண்ணை மூடிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். எண்பது வயதைத் தாண்டியவர். அவரும் இல்லாமல் போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

கிடைத்தது ஒரு சீதன உறுதி. 3 பரப்புக் காணி, அப்பம்மாவின் பெயரில். அப்பப்பா கலியாணம் கட்டி அந்த வீட்டுக்கு வந்தவர், பின்வளவில் உலை போட்டிருக்கிறார். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின்படி சீதனமாக வந்த காணி பெண்ணுடைய தனிச் சொத்து. அதில் கணவர் எத்தனை வருடம் தொழில் செய்தாலும் காணி அவருடையதாகிவிடாது. அப்பம்மா மரணசாதனம் (உயில்) எழுதாமல் இறந்தார், பிள்ளைகள் ஐந்து பேர். இவர்களுடைய அப்பாவுக்கு வந்தது ஐந்தில் ஒன்று. அவரும் இறந்தபின் இந்த இருவருக்கும் ஆளுக்குப் பத்தில் ஒன்று. விடியற்காலை தொடக்கம் உலைக்கு முன்னால் நிற்கிற மனிதரிடம் இந்தக் கணக்கைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சொல்லத்தான் வேண்டும்.

"சரி ஐயா, அம்பது வருசமா நாங்கள்தானே ஆளுறம், ஒரு ஆட்சி உறுதி எழுதித் தாங்கோ" என்றார் தம்பி. நீண்ட காலம் ஆண்டதை வைத்து உரிமை கோரி எழுதுவதுதான் ஆட்சி உறுதி. நான் மறுத்துவிட்டேன். 10 வருடம் ஆண்டால் காணி சொந்தமாகும் என்று 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தை எல்லோரும் அரைகுறையாக நினைவில் வைத்திருக்கிறார்கள். அது உரிமையாளருக்கு எதிராக நின்று ஆள்வதைப் பற்றியது. பங்காளர்களுக்குள் ஒருவர் ஆண்டால் அது எல்லோருக்காகவும் ஆண்டதாகவே கொள்ளப்படும் என்று, அன்று இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1911இலேயே ஓர் இலங்கை வழக்கில் தீர்த்துவிட்டது. மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து விலக்கி வைத்ததைக் காட்டாமல் ஆட்சி உறுதி நிற்காது. அதைவிட, சொந்த மாமிக்குத் தெரியாமல் எழுதுகிற உறுதி ஒரு குடும்பத்தையே கோட்டடிக்கு இழுத்துவிடும். அதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

வியாபாரப் பெயர்ப் பதிவு அண்ணனின் பெயரில் இருந்தது. அது தொழிலின் பெயருக்கான பதிவு மட்டும்தான். காணியையோ கட்டடத்தையோ அது யாருக்கும் தராது. உலையும் கொட்டகையும் நிலத்தோடு பொருந்தியவை, ஆகவே சட்டப்படி நிலத்தோடுதான் சேரும். நல்லெண்ணத்தோடு செலவழித்துக் கட்டியவர் இழப்பீடு கேட்கலாம், அது வேறு வழக்கு. பிறகு, அண்ணனும் தம்பியும் கூட்டாகத் தொழில் நடத்துவதாகச் சொன்னார்கள், எழுத்தில் எதுவும் இல்லை. 1,000 ரூபாவுக்கு மேல் முதல் போட்ட பங்குத் தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டம் சொல்கிறது. இன்றைக்கு ஒரு தடவை செம்பு வாங்கவே அந்தப் பணம் காணாது.

பட்டறைக்கு நேரில் போனேன். துருத்தி இருந்த குழிக்குப் பக்கத்தில் இப்போது மின்சார ஊதி. சுவரோரத் தட்டில் மரத்தில் கடைந்த விளக்குத்தண்டு மாதிரிகள், கைபட்டுக் கைபட்டு எண்ணெய் பூசியதுபோல் மினுங்கின. அப்பப்பாவின் கொப்பி ஒன்றும் இருந்தது. மணிக்குச் "செம்பு 4, வெள்ளீயம் 1" என்று பென்சிலால் எழுதி, கீழே கோடு போட்டிருந்தார். மாதிரிகளும் கொப்பியும் உலோகம் உருக்கும் மூசைகளும் அசையும் சொத்து, கையில் கொடுத்தே மாற்றலாம், நொத்தாரிசு தேவையில்லை. ஆனால் அதற்கும் ஒரு பட்டியல் எழுதி எல்லோரும் கையெழுத்து வைத்தால் நல்லது. இந்தக் குடும்பத்தின் உண்மையான முதல் அந்தத் தட்டில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பிரிவினை வழக்குப் போடலாமா என்றும் கேட்டார்கள். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி போடலாம். பிரிக்க முடியாத காணியென்றால் நீதிமன்றம் விற்கவும் கட்டளையிடலாம், எல்லைக் கோடு உலைக்கு நடுவாலும் போகலாம். ஆகவே முதலில் பேசச் சொன்னேன். பங்காளர்களில் ஒருவர் வெளியாருக்கு விற்க நினைத்தால் மற்றவர்களுக்கு முதலில் வாங்கும் உரிமை 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி இருக்கிறது என்பதையும் அன்று எல்லோருக்கும் விளக்கினேன்.

மூத்த மாமி தன் பங்கை இவர்களுக்கு நன்கொடை உறுதியாக எழுதிவிட்டார். கனடா மாமி அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம், முடித்து அனுப்பியிருக்கிறார். லண்டன் பெரியப்பாவின் பிள்ளைகளின் பத்திரங்கள் வரவேண்டும். ஐந்தாவது பங்கு, போரின்போது காணாமல்போன சித்தப்பாவுடையது. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி மரணத்தைப் பதியலாம், 2016ஆம் ஆண்டுத் திருத்தப்படி ஆள் காணப்படாததற்கான சான்றிதழும் எடுக்கலாம் என்று மாமியிடம் சொன்னேன். "அவன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுறது தம்பி?" என்றார்.

அந்தப் பங்கை அப்படியே அவர் பெயரில் விட்டுத்தான் மற்ற உறுதிகளை எழுதுகிறேன்.