புத்திரசுவிகாரம்: சொல்லும் பொருளும்

'ஸ்வ' என்றால் வடமொழியில் தன்னுடையது, 'காரம்', ஆக்குதல். தனதாக்கிக்கொள்வதே சுவிகாரம். பிறர் பெற்ற பிள்ளையைச் சட்டப்படி மகனாக்கிக்கொள்வதற்கு நம்மிடையே வழங்கிய இச்சொல்லைப் பழைய தமிழ் வேதாகமம் எடுத்தாண்டது. கிரேக்க மூலச்சொல் 'ஹுயொதெசியா'. 'ஹுயொஸ்' மகன், 'தெசிஸ்' வைத்தல். மகன் என்ற நிலையில் வைப்பது.

புதிய ஏற்பாட்டில் இது ஐந்தே இடங்களில், பவுலின் நிருபங்களில் மட்டும் வருகிறது: ரோமர் 8:15, 8:23, 9:4, கலாத்தியர் 4:5, எபேசியர் 1:5. எபேசியரில் மட்டும் தமிழில் 'சுவிகாரபுத்திரர்' என்று முன்பின்னாக நிற்பதால், ஒரு சொல் வரும் வசனங்களைத் தொகுத்துக் காட்டும் ஒத்தவாக்கிய அகராதியில் தேடுகிறவர்கள் அதை எளிதில் தவறவிடுவார்கள்.

இது ரோமர் நன்கறிந்த சட்டச் சொல். தகப்பன் மகனை மும்முறை விற்றால் அவன்மேலுள்ள அதிகாரம் அற்றுப்போகும் என்பது ரோமின் பழைய எழுத்துச் சட்டமான பன்னிரண்டு பலகைச் சட்டம். ரோமச் சுவிகாரம் அதையே வழியாக்கிக்கொண்டது: மூன்று முறை பெயரளவில் விற்பனை, பிறகு நீதிபதி முன்னிலையில் புதிய தகப்பன் 'இவன் என் மகன்' என்று உரிமை கோருதல். பழைய வீட்டின் உறவும் சொத்துரிமையும் அறும். புதிய வீட்டின் பெயரும் வாரிசுரிமையும் முழுதாக வரும். ரோமர் நிருபம் எழுதப்பட்டபோது ஆண்டுகொண்டிருந்த நீரோவே, கி.பி. 50இல் பேரரசர் கிலவுதியு சுவிகரித்த மகன்தான். ரோம் நகரத்தார்க்கு இச்சொல்லின் கனம் தெரியும்.

நம் வழக்கத்தோடு இங்கே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மகனில்லாதவர் வம்சம் அறாதிருக்கச் சுவிகாரம் எடுப்பது நம் மரபு. தேவனுக்கோ ஒரேபேறான குமாரன் இருக்கிறார்; குறையை நிரப்ப அல்ல, அன்பினால் மட்டுமே அவர் நம்மைச் சேர்த்துக்கொள்கிறார்.

பொருள்கொள்வதில் பிழை பெரும்பாலும் 'சுதந்தரர்' என்ற சொல்லில் நேர்கிறது. ரோமர் 8:17இல் அது விடுதலை பெற்றவரைக் குறிக்கவில்லை, சொத்துக்கு உரிமையுள்ள வாரிசைக் குறிக்கிறது. விடுதலை என்று வாசித்தால் புத்திரசுவிகாரத்தின் பாதிப் பொருள் போய்விடும். ஆவியினால் புதிதாய்ப் பிறப்பதாகிய மறுபிறப்போடும் இதைக் குழப்பக்கூடாது: மறுபிறப்பு புதிய சுபாவத்தைத் தருகிறது, சுவிகாரம் புதிய உரிமையைத் தருகிறது. 8:15இல் பெற்றாயிற்று என்றும் 8:23இல் காத்திருக்கிறோம் என்றும் வருவது முரண் அல்ல. உரிமை இன்றே நமது. அதன் நிறைவு சரீர மீட்பின்போது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'தத்து' என்பதும் வடமொழியே. 'கொடுக்கப்பட்டது' என்ற பொருளில் பெற்றவர் பக்கம் நின்று பேசுகிறது. ஏற்கிறவர் பக்கம் நிற்கும் 'மகவேற்பு' பொருத்தமானது. 'மகவு' இருபாலுக்கும் பொது. ஆனால் பவுல் 'மகன்' என்றதற்குக் காரணம் உண்டு. கலாத்தியர் 3:28இல் ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த அதிகாரத்தில் இச்சொல்லை வைக்கிறார். மகனுக்குரிய முழுப் பங்கும் மகளுக்கும் உண்டு. போதிக்கும்போது 'மகவேற்பு' என்று சொல்லி, உடனே 'வாரிசுரிமையோடு' என்று சேர்த்துச் சொல்வது நல்லது.