மௌனம் சம்மதமா? சட்டம் சொல்லும் பதில்

பெண் பார்க்கப் போன வீட்டில் பெண் தலைகுனிந்து நின்றால், மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று யாராவது பெரியவர் பேச்சை முடித்துவிடுவார். பாலியல் குற்றச் சட்டத்தில் இந்தக் கணக்கு செல்லாது.

ஒரு காலத்தில் நீதிமன்றத்திலேயே செல்லுபடியானது. மகாராஷ்டிராவில் 1972-ல் காவல் நிலையத்துக்குள் ஒரு சிறுமி பாலியல் வன்முறைக்கு ஆளானாள். அவள் உடலில் காயமில்லை, ஆகவே எதிர்க்கவில்லை என்று கருதி, இரண்டு காவலர்களையும் 1978-ல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பில் 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனாலும் சம்மதம் என்றால் என்ன என்று சட்டமே விளக்கிச் சொன்னது 2013-ல்தான், ஓடும் பேருந்தில் ஒரு மாணவி கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளான 2012 டெல்லி சம்பவத்துக்குப் பிறகு. 2024 ஜூலை 1 முதல் அந்த விளக்கம், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 63-வது பிரிவில் இருக்கிறது.

ஒரு பெண் குறிப்பிட்ட அந்தச் செயலுக்குத் தானாக விரும்பி, சந்தேகத்துக்கு இடமில்லாமல், சொல்லாலோ சைகையாலோ தெரிவிப்பதே சம்மதம். திமிறவில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதித்தாள் என்று கொள்ளக் கூடாது. உயிர் பயத்திலோ, என்ன நடக்கிறதென்று புரியாத போதையிலோ சொன்ன ‘சரி’யும் சம்மதம் ஆகாது. ஒன்றுக்குச் சரி என்றவள் எல்லாவற்றுக்கும் சரி என்றதாகவும் ஆகாது. நம் பையன்களுக்கு மீசை அரும்பும் முன்பே வீட்டில் சொல்லித் தர வேண்டியது இதைத்தான். 18 வயது நிறைந்த, சேர்ந்து வாழும் மனைவி விஷயத்தில் மட்டும் இந்தப் பிரிவு கணவனைத் தொடுவதில்லை. என்னைக் கேட்டால், அது பெரிய ஓட்டை.

18 வயதுக்குக் கீழே என்றால் சம்மதம் என்ற பேச்சே எடுபடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டம் ஆண் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். அதன் 19-வது பிரிவுதான் ஊரையும் உறவையும் உள்ளே இழுக்கிறது: குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். ‘குடும்ப மானம்’, ‘பள்ளியின் பேர்’ என்பதெல்லாம் சாக்காக எடுபடாது. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது.

குழந்தையை ஸ்டேஷனுக்கு அலையவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். வாக்குமூலம் வாங்க அதிகாரிதான் வீட்டுக்கு வர வேண்டும், அதுவும் சீருடை இல்லாமல்; கூடியவரை பெண் எஸ்.ஐ. ஆக இருக்க வேண்டும். யாரிடம் சொல்வதென்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைக்கலாம், கட்டணம் கிடையாது.

அப்புறம், 2020-ன் போக்சோ விதிகள். வயதுக்கேற்ற பாதுகாப்புப் பாடத்தை அரசு தயாரிக்க வேண்டும். குழந்தைகளோடு பழகும் ஊழியர்களின் பின்னணியைப் பள்ளிகள் போலீஸ் மூலம் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிக் கேட்கும்போது இதையும் கேளுங்கள்: வேன் டிரைவரைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள்?