முதல் ஒயின் டேஸ்டிங்கா? துப்பக் கற்றுக்கொண்டு போங்கள்

ஒயின் டேஸ்டிங், அதாவது பல வகை ஒயின்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ருசி பார்க்கும் நிகழ்ச்சி, நடத்துவது என் வேலை. புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது மேசை மேல் இருக்கும் துப்பும் பாத்திரத்தைத்தான். பலர் முகம் சுளிப்பார்கள். நாலு பேர் முன்னால் எப்படித் துப்புவது, ஊற்றிக் கொடுத்தவர் என்ன நினைப்பார் என்று தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் விழுங்கிவிடுவார்கள், அப்புறம் பாதிக்கு மேல் ஒரு ஒயினுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே தெரியாது, எல்லாமே பிரமாதம் என்று தோன்றும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவை 50 மில்லி ஊற்றினால் பத்து வகைக்கு 500 மில்லி, அதாவது 750 மில்லி பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்கு. 13 சதவீத ஒயின் என்றால் அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் சுமார் 51 கிராம். சின்னச் சின்ன மடக்காகப் போவதால் உறைப்பதில்லை, அவ்வளவுதான். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது, அதனால் ஒயின் இதயத்துக்கு நல்லது என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் கூடுதலாகக் குடிக்காதீர்கள். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டாம். கர்ப்பிணிகள், தூக்க மாத்திரை மாதிரி மதுவோடு சேரக்கூடாத மருந்து எடுப்பவர்கள், குடியை விட்டவர்கள் இதற்கு வரவே வேண்டாம், அவர்களை யாரும் வற்புறுத்தவும் வேண்டாம்.

சரி, எப்படித் துப்புவது? சின்ன மடக்கு எடுத்து, நாக்கு முழுக்கப் படும்படி சில நொடிகள் சுழற்றி, பாத்திரத்துக்குக் கிட்டக் குனிந்து, உதட்டைக் குவித்து ஒரே வேகத்தில் விடுங்கள். கூச்சப்பட்டு மெல்ல விட்டால்தான் தாடையில் வழியும். வீட்டில் தண்ணீரை வைத்துப் பழகிவிட்டு வரலாம். கிளாஸில் மிச்சம் இருப்பதையும் அந்தப் பாத்திரத்திலேயே ஊற்றிவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

விழுங்காமல் ருசி எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு வாயில் வையுங்கள்: புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, இவை மட்டும் இருக்கும். மூக்கை விடுங்கள், பழவாசனை, பூவாசனை எல்லாம் அந்த நொடியில் வந்து சேரும், ஏனென்றால் வாயில் சூடாகும் ஒயினின் ஆவி தொண்டைப் பக்கமாக மூக்குக்கு ஏறுகிறது. சிவப்பு ஒயினில் ஈறு வறண்டு இழுப்பது போலிருந்தால் அது டானின், திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது, எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் அப்படி இருக்கிறது. எச்சில் ஊறினால் புளிப்பு அதிகம். இதற்கெல்லாம் விழுங்கத் தேவையே இல்லை.

வேலை செய்வது மூக்கு என்பதால் பர்ஃப்யூம் வேண்டாம், உங்களுக்கு மட்டுமில்லை, பக்கத்தில் நிற்பவருக்கும் அது கெடுதல். பல் துலக்கின கையோடு வராதீர்கள். வெறும் வயிற்றோடும் வராதீர்கள். கிளாஸைத் தண்டில் பிடியுங்கள், உள்ளங்கைச் சூடு ஒயினுக்கு ஏறக்கூடாது. ஊற்றியதும் ஒரு தடவை முகருங்கள், அப்புறம் மேசை மேல் வைத்தபடியே சுழற்றிவிட்டு இன்னொரு தடவை. உள்பக்கம் கோடு கோடாக வழிவதைப் பார்த்துத் தரத்தைச் சொல்பவர்கள் உண்டு, அது பெரும்பாலும் ஆல்கஹால் அளவைத்தான் காட்டும்.

அடுத்தவர் சொல்வதைக் கேட்பதற்கு முன்னால் உங்களுக்குத் தோன்றியதை எழுதிவிடுங்கள். நான் ரொம்ப வலியுறுத்துவது இதைத்தான். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் மிளகு மணக்கிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அந்த மணத்துக்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற பொருள், மிளகில் இருப்பதும் அதே பொருள்தான் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-ல் கண்டுபிடித்தார்கள். அவர்கள் சோதித்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு, அதைத் தண்ணீரில் நிறையவே கலந்து கொடுத்தும் வாசனை தெரியவில்லை. உங்கள் மூக்கும் அந்த வகையாக இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2001-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், ஒயின் தொழில்நுட்பமே படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் சிவப்பு நிறம் கலந்து கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் மணங்களையே சொன்னார்கள். கண்ணும் காதும் மூக்கை அந்த அளவுக்கு இழுத்துக்கொண்டு போகும்.

நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் உங்கள் மேல் சந்தேகப்படாமல் ஊற்றுபவரிடம் சொல்லுங்கள், கார்க்கினால் கெட்ட பாட்டிலாக இருக்கலாம், வேறு திறந்து தருவார். முடிந்ததும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். ஒயினின் அமிலம் பல் எனாமலை இளக்கியிருக்கும், அதனால் ஒரு மணி நேரமாவது பிரஷ்ஷைத் தொடாதீர்கள்.